சோதனையில் சுட்டது வேறு தோட்டா

அனுப்புநர்
நகரப் பேருந்து ஓட்டுநர்
(கைக்கடிகாரக் கடையில் குண்டு பாய்ந்து இறந்த பெண்ணின் தகப்பன்),
பணிமனை ஊழியர் குடியிருப்பு, மாடி வீடு.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
தடய அறிவியல் ஆய்வகம்.

பொருள்: என் மகள் இறந்த வழக்கில் இரண்டு சிறு கைத்துப்பாக்கிகளின் தோட்டாக்களை ஒப்பிட்டுத் தங்கள் ஆய்வகம் செய்த சோதனை – அதில் ஒரு துப்பாக்கிக்கு உரிய தோட்டா பயன்படுத்தப்படாதது – உரிய தோட்டாவைக் கொண்டு மறுசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இறந்தவர் வீட்டாரிடமிருந்து தங்களுக்கு வரும் மனுக்கள், குற்றவாளிக்குக் கடும் தண்டனை கிடைக்க வழி செய்யுங்கள் என்று கேட்பவையாகவே பெரும்பாலும் இருக்கும். இந்த மனு அப்படிப்பட்டதல்ல. என் மகளைக் கொன்றதாகச் சிறையில் இருப்பவருக்காக நான் எழுதுகிறேன். படித்ததும் மனுதாரருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தங்களுக்குத் தோன்றலாம். என் வீட்டிலேயே அந்த அபிப்பிராயம் உண்டு. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்ல அனுமதி கோருகிறேன்.

1. என் மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. கடைத்தெருவில் உள்ள கைக்கடிகாரக் கடையின் பின்னறையில் பழுதுபார்க்கும் மேசையில் வேலை செய்தாள். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மணல் பருமனுள்ள திருகாணிகளை இடுக்கியால் எடுத்துப் பொருத்துவது அவள் வேலை. வீட்டில் எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வைத்த வழக்கமே இல்லாதவளுக்கு அந்த மேசையில் மட்டும் எங்கிருந்து அவ்வளவு ஒழுங்கு வந்தது என்று அவள் தாய் குறைப்பட்டுக்கொள்வாள். தூசு பட்டால் அவளுக்குத் தும்மல் நிற்காது. "தும்மல் வர்ற மாதிரி இருந்தா மூச்சைப் புடிச்சிட்டு வெளிய ஓடிடுவேன்ப்பா. இல்லேன்னா ஒரு முழு வாட்ச்சே பறந்துடும்" என்பாள். இந்த விவரம் வழக்குக்குத் தேவையற்றது என்பதை அறிவேன். சோதனை அறிக்கை முழுவதும் அவள் "இறந்த நபர்" என்றே குறிப்பிடப்பட்டிருப்பதால் எழுதினேன்.

2. கடையின் அமைப்பு பின்வருமாறு. முன்கூடத்தில் கண்ணாடிப் பேழைகள். இடது பக்கம் முதலாளியின் மேசை. வலது பக்கம் தெருவாசல். அங்கே கடைக் காவலர் நிற்பார். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு. இரண்டு பலகைகள், ஓசை வராமல் இருக்க நடுவில் அடைத்த பஞ்சு. தடுப்புக்கு அந்தப் பக்கம் கனத்த மர இழுப்பறைப் பெட்டி ஒன்று, அதையொட்டி என் மகளின் மேசை. உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் காவலர் சல்யூட் வைப்பார். வேலைக்கு வரும் என் மகளுக்கும் வைப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு "சல்யூட் அண்ணன்" என்று பெயர்.

3. சம்பவத்தன்று பிற்பகலில் இருவர் கத்தியுடன் கடைக்குள் புகுந்து பேழைகளை உடைத்தார்கள். கூச்சல் கேட்டு என் மகள் பின்னறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள். கூடத்தில் மூன்று முறை சுட்ட சத்தம் கேட்டது. திருடர்களிடம் துப்பாக்கி இல்லை என்பது விசாரணையில் உறுதியானது. காவலர் தன் முப்பத்திரண்டு காலிபர் துப்பாக்கியால் இருமுறை சுட்டார். முதல் குண்டு கூரையில் அகப்பட்டது. ஓடியவர்களின் காலைப் பார்த்து, வாசலுக்கு வெளியே இரண்டாவதைச் சுட்டதாகக் கூறுகிறார். முதலாளி மேசை இழுப்பறையில் வைத்திருந்த இருபத்திரண்டு காலிபர் சிறு துப்பாக்கியால் ஒருமுறை சுட்டார். அவரும் வாசலைப் பார்த்தே சுட்டதாகக் கூறுகிறார். கூரையில் அகப்பட்டது போக, மீதி இரண்டு குண்டுகளில் ஒன்று தெருவுக்குப் போய்விட்டது. அது கிடைக்கவில்லை. இன்னொன்று தடுப்பையும் இழுப்பறைப் பெட்டியையும் துளைத்து, குனிந்து நின்ற என் மகளின் மார்பு வழியாகப் போய், மேசையிலிருந்த இரும்புப் பிடிகருவியில் மோதிச் சிதறியது.

4. பின்னறைக் கதவு தாழிட்டிருந்ததால், காவலர் கடப்பாரையை எடுத்துத் தடுப்பையும் அதன் பின்னால் இருந்த இழுப்பறைப் பெட்டியையும் உடைத்து உள்ளே போனார். குண்டு துளைத்த இடத்திலேயே பலகை பிளந்து கிடந்ததால் அங்கேதான் கடப்பாரையைச் செருகினார். துளையின் அளவைப் பார்த்திருந்தால் அது யாருடைய குண்டு என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும் என்று பின்னாளில் எனக்கு விளக்கப்பட்டது. என் மகளைக் காப்பாற்றப் போன அவசரத்தில், தன்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை அவர் தன் கையாலேயே சிலாம்பு சிலாம்பாக உடைத்துவிட்டார். குண்டு பலகைகளில் புரண்டு வந்திருந்ததால் காயத்தை வைத்து அளவு சொல்ல முடியாது என்று உடற்கூறு செய்த மருத்துவர் எழுதினார். சிதறிய துணுக்குகளில் ஈயமும் செம்புப் பூச்சும் இருந்ததாகத் தங்கள் ஆய்வகம் கண்டறிந்தது. அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

5. ஆகவே எந்தத் துப்பாக்கியின் குண்டு அந்தத் தடுப்பைத் தாண்டி ஓர் ஆளைக் கொல்லும் என்பதைச் சுட்டுப் பார்த்து ஒப்பிடுவது என்று முடிவாயிற்று. இறந்தவரின் உறவினர் என்ற முறையில் உடனிருக்க எனக்கு அனுமதி தரப்பட்டது. அதற்கு நன்றி தெரிவிக்கிறேன். என் மனைவி வர மறுத்துவிட்டாள்.

6. சன்னல் இல்லாத நீண்ட அறை அது. எனக்குக் காது மூடி ஒன்று கொடுத்து, தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டார்கள். அறையின் மறுகோடியில் அதே கனமுள்ள இரண்டு ஒட்டுப்பலகைகள், நடுவில் பஞ்சு, பின்னால் இழுப்பறையின் மரம். அதற்கும் பின்னால், மனித உடலுக்குப் பதிலாகத் தெளிந்த பசைக்கட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். அதன் வழியாகப் பின்சுவர் தெரிந்தது. கொண்டுவந்த ஊழியர், "பாடி வெச்சாச்சு சார்" என்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. பாவம், அது அவர்கள் தினமும் சொல்லும் சொல்தான். அவர்மீது புகார் எதுவும் இல்லை.

காவலரின் துப்பாக்கியை, அவர் இடுப்பிலிருந்து கைப்பற்றிய தோட்டாக்களைக் கொண்டே சுட்டார்கள். ஒவ்வொன்றும் பலகைகளைத் தாண்டிக் கட்டிக்குள் பாய்ந்தது. தெளிந்த பசைக்குள் வெள்ளை வேர் இறங்கினாற்போல் தடம் விழுந்தது. துப்பாக்கிப் பிரிவு நிபுணர் அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்து, எண்களை உரக்கச் சொல்லிப் பதிவு செய்தார். நான் கால் பெருவிரல்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு புதிய பலகைகளும் புதிய கட்டியும் வைத்து முதலாளியின் துப்பாக்கியைச் சுட்டார்கள். சத்தமே குறைவாக இருந்தது. ஒரு குண்டு இரண்டாம் பலகையிலேயே தங்கிவிட்டது. மற்றவை இழுப்பறை மரத்தில் முட்டி நின்றன. கட்டியின்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அம்மையீர், அந்தக் கட்டியைப் பார்த்த ஒரு கணம் என் மகள் தப்பிவிட்டாள் என்று என் மனம் நம்பியது. எழுந்து நின்றுவிட்டேன். உட்காருமாறு சைகை காட்டினார்கள்.

7. வெளியே வரும்போது, வாயில் வந்ததைக் கேட்பதுபோல, "முதலாளி துப்பாக்கியில இருந்த அதே தோட்டாதானுங்களா சார் இது?" என்று நிபுணரிடம் கேட்டேன். அவர் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார். "துப்பாக்கி அவரோடது. தோட்டா எங்க ஸ்டாக். துப்பாக்கியைக் காலியாத்தான் எங்களுக்கு அனுப்புனாங்க. அவர் பயிற்சித் தோட்டா போட்டிருந்ததா வாக்குமூலத்துல இருக்கு, அதனால எங்ககிட்ட இருந்த பயிற்சித் தோட்டாவைப் போட்டோம். அறிக்கையிலயும் அதை எழுதிடுவேன்." அவர் சொன்னபடியே எழுதியும் இருக்கிறார். ஆனால் குற்றப்பத்திரிகைக்கு அறிக்கையைச் சுருக்கியபோது அந்த வரி விடுபட்டு, "முதலாளியின் துப்பாக்கியால் இம்மரணம் நிகழ்ந்திருக்க இயலாது" என்பது மட்டும் மிஞ்சியது. அன்று எனக்கு இதன் கனம் விளங்கவில்லை. கொன்றது யார் என்று தெரிந்துவிட்டது என்ற ஒருவித ஆறுதலோடுதான் வீடு திரும்பினேன். சிறையில் இருந்த காவலரை மனதாரச் சபித்தேன்.

8. சில வாரங்கள் கழித்து, என் பேருந்தில் கடைசி நிறுத்தம் வந்த பிறகும் ஒரு பெண் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் காவலரின் மனைவி என்பதை அவர் சொன்ன பிறகே அறிந்தேன். கணவர் நிரபராதி என்று அவர் வாதாடியிருந்தால் இறக்கிவிட்டிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அவரு சாப்பிடறதை விட்டுட்டாருங்க. நான்தான் அந்தப் புள்ளையைக் கொன்னுட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. நீங்க ஒரு தடவை வந்து நாலு வார்த்தை திட்டிட்டாவது போங்கண்ணா. திட்டு வாங்கினா கொஞ்சம் சாப்பிடுவாரோ என்னவோ" என்றார். அப்படி ஒரு வேண்டுகோளை என் வாழ்நாளில் கேட்டதில்லை. போனேன்.

9. சிறையில் கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் சல்யூட் வைக்கக் கையைத் தூக்கியவர் பாதியில் இறக்கிக்கொண்டார். எப்படிச் சுட்டாய் என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வெளியதான் சுட்டேன்னு நினைச்சேன் சார். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். எதிர்க்கடைப் படிக்கட்டு கண்ணுக்கு நேரா தெரிஞ்சுது. ஆனா டெஸ்ட்டுல நான்தான்னு வந்துடுச்சே. டெஸ்ட்டு பொய் சொல்லுமா? என் கண்ணுதான் பொய் சொல்லியிருக்கும்." விசாரணை தொடங்கும் அன்றே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகவும் சொன்னார். தன் கண்ணால் கண்டதையே நம்ப முடியாதபடி ஒரு மனிதரை அந்த அறிக்கை ஆக்கிவிட்டது. அந்த அறிக்கைக்குள் இருந்தது முதலாளியின் தோட்டா அல்ல, ஆய்வகத்தின் தோட்டா என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்லியும் பார்த்தேன். நான் இரக்கத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

10. அதன்பின், முதலாளி வழக்கமாகத் தோட்டா வாங்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் இரண்டு இருபத்திரண்டு காலிபர் தோட்டாக்களை அருகருகே நிறுத்திக் காட்டினார். நீளத்திலும் பருமனிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றின் முனை மங்கிய ஈயம். மற்றொன்றின் முனையில் செம்பு மின்னியது. "பாக்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா இதுல மருந்து கொஞ்சூண்டு, அட்டையைச் சுட்டுப் பழகறதுக்கு. அது அப்படியில்ல, முழு மருந்து. வேகமே வேற" என்றார். முதலாளி எதை வாங்குவார் என்று கேட்டேன். "செம்புதான். பயிற்சித் தோட்டா அவர் வாங்கினதே கிடையாது. இது குருவி விரட்டத்தான் ஆகும்யான்னு கிண்டல் பண்ணுவாரு." கூப்பிட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து இதைச் சொல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். துணுக்குகளில் செம்புப் பூச்சு இருந்ததும் முதலாளியை விலக்கி, செம்புப் பூச்சுள்ள தோட்டா வைத்திருந்த காவலரைச் சுட்டிக்காட்டும் சான்றாகவே இதுவரை எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. கடைக்காரர் சொல்வது உண்மையானால் அந்தச் சான்று இருவருக்கும் பொருந்தும்.

11. இதை வழக்கை விசாரித்த காவல் ஆய்வாளரிடம் நேரில் தெரிவித்தேன். "உன் பொண்ணைக் கொன்னவனுக்கு நீயே ஜாமீன் கையெழுத்துப் போடுவ போலிருக்கே" என்றார். முதலாளியிடம் இருந்த மிச்சத் தோட்டாக்களைப் பற்றிக் கேட்டதற்கு, அவற்றைப் பார்க்கவே பிடிக்காமல் முதலாளி எங்கோ தூக்கிப் போட்டுவிட்டதாகவும், வழக்கு தன் கையை விட்டுப் போய்விட்டதாகவும் கூறினார்.

12. முதலாளியையும் பார்த்தேன். அவரைப் பற்றித் தவறாக எழுதுவது முறையல்ல. மருத்துவமனையில் எங்களோடு கூடவே நின்றவர். என் மகளை அடக்கம் செய்யும்வரை வீட்டைவிட்டுப் போகாதவர். கடையில் புதுத் தடுப்பு போட்டிருந்தார்கள், வண்ணத்தின் வாடை இன்னும் போகவில்லை. அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியில் என்ன தோட்டா போட்டிருந்தீர்கள் என்று கேட்டேன். மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். பிறகு, "அண்ணே, அது பொம்மைத் துப்பாக்கிண்ணே. அதால ஒரு ஆளைக் கொல்ல முடியுமா?" என்றார். அவர் அதைக் கேள்வியாகவே கேட்டார். நான் "முடியாது" என்று சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். நான் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அவர் பொய் சொல்கிறார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளப் பயப்படுகிறார் என்று மட்டும் தோன்றியது. அந்தப் பயத்தின் விலையை இன்னொருவர் சிறையில் இருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

13. இந்த மனுவை எழுத உட்கார்ந்தபோது என் மனைவி, "செத்தது நம்ம பொண்ணு. அவனா இருந்தா என்ன, இவனா இருந்தா என்ன? நீங்க எழுதி எழுதி அவ எந்திரிச்சு வரப் போறாளா?" என்று கேட்டாள். அவள் எழுந்து வரப் போவதில்லைதான். ஆனால் தவறான ஆள்மேல் வைத்த கோபம் எனக்குள் தங்க மறுக்கிறது. சரியான ஆள் யார் என்றும் தெரியவில்லை. துக்கத்தை மட்டுமாவது ஒழுங்காகப் பட விடுங்கள் என்று கேட்கவே தங்களிடம் வந்திருக்கிறேன்.

14. ஆகவே தாங்கள்,

முதலாளியின் அதே துப்பாக்கியை, கடைக்காரர் அவருக்கு விற்ற வகைத் தோட்டாவைக் கொண்டு, அதே அமைப்பில் மீண்டும் சுட்டுப் பார்த்து, முந்தைய முடிவோடு ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்றும்,

முதற்சோதனையில் பயன்பட்டது ஆய்வகத்தின் தோட்டாவே என்பதைக் காவலர் வாய் திறந்து குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பாக நீதிமன்றத்துக்குத் தனிக் கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணை வரும் வாரம் தொடங்குகிறது.

மறுசோதனையிலும் முதலாளியின் குண்டு பலகையிலேயே நின்றுவிட்டால், அதை ஏற்றுக்கொண்டு இனி எவருக்கும் மனு எழுதமாட்டேன். இரண்டு குண்டுகளுமே தடுப்பைத் தாண்டும் என்று வந்தால், என் மகளைக் கொன்றது யார் என்பது எனக்கு ஒருநாளும் தெரியாமல் போகலாம். நிபுணரிடம் கேட்டபோது பெரும்பாலும் அப்படித்தான் ஆகும் என்றார். அதையும் யோசித்துவிட்டே எழுதுகிறேன். ஏதாவது ஒரு பெயர் கிடைத்தால் போதும் என்று இருந்த காலம் எனக்கும் இருந்தது. இப்போது போதவில்லை.

மறுசோதனையின்போதும் உடனிருக்க அனுமதித்தால் வேலைக்கு விடுப்பு எழுதிவிட்டு வருவேன்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கியிருக்கும்,
(ஒப்பம்)
பேருந்து ஓட்டுநர், இறந்தவரின் தந்தை.

இடம்: வீடு
நாள்: வியாழக்கிழமை

பின்குறிப்பு: மனுவை உறையில் இடும் முன் என் மனைவி வாங்கிப் படித்து, தானும் எழுத வேண்டும் என்றாள். அவள் கைப்பட எழுதியதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்.

அம்மா, நான் அந்தப் பொண்ணோட தாய். இதுல கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் இருந்தேன். இன்னிக்குக் காலையில காவலரோட சம்சாரம் வீட்டுக்கு வந்தாங்க. உள்ள கூப்பிடல, வாசல்லயே நிக்க வெச்சுப் பேசினேன். வண்டி வர்ற வரைக்கும் என் பொண்ணு தலையை அவர் மடியிலதான் வெச்சிருந்தாராம். காயத்துல சட்டையைக் கழட்டி அமுக்கிக்கிட்டு, கண்ணை மூடாதே, கண்ணை மூடாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாராம். அவ எதுவும் பேசலயாம். அவர் விரலைப் புடிச்சிருந்தாளாம். அவ தனியா கிடந்து சாகலன்னு இத்தனை நாளா எனக்கு ஒருத்தரும் சொல்லல. எல்லாரும் குண்டு எவ்வளவு தூரம் போச்சுன்னுதான் சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்தம்மாவை உள்ள வந்து உக்காரச் சொன்னேன்.

அவர்தான் சுட்டாரா, முதலாளி சுட்டாரான்னு எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது. சரியான தோட்டாவைப் போட்டுப் பாருங்க. பாத்தும் தெரியலேன்னா, தெரியலன்னு எழுதுங்க.

(ஒப்பம்)
இறந்தவரின் தாய்